சீரோடு வந்த மாடு

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் கொங்கு நாட்டுக் காங்கயம் மாட்டைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். காங்கயம் மாடு என்றதும் உங்கள் கண்ணுக்கு முதலில் வருவது காளைதான். கறுத்த திமில், கனத்த கழுத்து. 2017 தை மாத ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் எத்தனையோ வண்டிக் கண்ணாடிகளில் அந்தக் காளையின் படத்தைப் பார்த்துவிட்டேன். பார்க்கச் சந்தோஷம். ஆனால் நான் பேச வந்தது பசுவைப் பற்றி. பசுவைப் பேசினால் வீட்டுப் பெண்களைப் பேசாமல் முடியாது.

எங்கள் பக்கத்துச் சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேர்ச் சந்தைக்குப் போனவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். அதெல்லாம் ஆண்கள் பாடு. ஆனால் இந்த மாட்டுக்குத் தாய் எது, அந்தத் தாய்க்குத் தாய் எது, இது எத்தனையாவது ஈற்று என்று கேட்டால், அவர்களே வீட்டுக்குள் திரும்பி ஒரு குரல் கொடுப்பார்கள். பதில் அடுப்படியிலிருந்து வரும்.

பழையகோட்டைப் பரம்பரைத் தலைவரான பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இந்த இனத்தைப் பேணி வளர்த்தது புத்தகங்களில் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். நான் சொல்வது நாலு மாடு கட்டின சின்ன வீடுகளின் கதை. அங்கே வரலாறு எல்லாம் பெண்களின் வாயில்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் மகளைக் கட்டிக் கொடுக்கும்போது சீரோடு ஒரு கிடாரியும், இன்னும் ஈனாத இளம் பசு, போகும். அம்மிச்சி, அதாவது என் அம்மாவைப் பெற்றவர், தன் அம்மா வீட்டு மாட்டு வழியில் ஒரு கிடாரியைக் கொண்டு வந்தார். அதன் வழியில் ஒன்று என் அம்மாவோடு போனது. அம்மா வீட்டிலிருந்து ஒன்று என்னோடு வந்தது. நாங்கள் எப்படி ஊர் விட்டு ஊர் வந்தோமோ, அப்படியே அதுகளும் வந்தன.

அம்மாவுக்குக் கல்யாணம் 1968இல். மூலனூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளகோவில் பக்கத்துக்கு, பத்துப் பன்னிரண்டு மைல் இருக்கும். சீர்க் கிடாரிக்குக் கூடுகொம்பி என்று பேர். கொம்பு இரண்டும் வளைந்து நுனி தொடுகிற மாதிரி நிற்கும். தலைச்சன் சினை. நடத்தியே கொண்டு வந்து கட்டினார்கள்.

மூன்றாம் நாள் விடியக்காலம் பார்த்தால் முளையில் அறுந்த கயிறு மட்டும் கிடக்கிறது. கூடுகொம்பி ராத்திரியோடு ராத்திரியாக வந்த வழியே நடந்து, அம்மிச்சி வீட்டுப் படல் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு கத்தியிருக்கிறது. என் அம்மாவுக்கு அப்போது வயது 18. இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா, "அது போயிருச்சு, எனக்குத்தான் போக முடியல" என்பார்.

அன்றைக்குப் பொழுது சாய அம்மிச்சியே கூடுகொம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து சேர்ந்தார். பெண் கொடுத்த வீட்டில் பெண்ணைப் பெற்றவள் தங்குகிற வழக்கம் அப்போது கிடையாது. வந்தால் பார்த்துவிட்டு, பொழுதோடு திரும்பிவிட வேண்டும். அம்மிச்சி வாசலிலேயே நின்று சம்பந்தியம்மாவிடம் சொன்னாராம்: "மாடு புது எடம் பழகலீங்க. பழகற வரைக்கும் கட்டுத்தரையில படுத்துட்டுப் போறனுங்க."

மாட்டுக்காக என்றால் யார் மறுப்பார்கள்? மூன்று ராத்திரி தங்கினார். வீட்டுக்குள் வரவில்லை. கட்டுத்தரையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார். அம்மா சோளத்தட்டுப் போட வருவார், தண்ணி காட்ட வருவார், அப்புறம் ஒன்றுமில்லாமலும் வருவார். அம்மிச்சி ஒரு கையால் கூடுகொம்பியின் அலைதாடியைச் சொறிந்துகொண்டே, இன்னொரு கையால் அம்மாவின் தலையைக் கோதிவிடுவாராம். "சாப்ட்டியா கண்ணு" என்று கேட்பார். உடனே, "இவளுக்குத் தாய் செவலக் கன்னா இருந்து மயிலையானவ, அவளுக்குத் தாய் ரெட்டைக் கன்னு போட்டவ" என்று மாட்டின் வழியைச் சொல்ல ஆரம்பிப்பார். அந்த மூன்று ராத்திரியில் அம்மா மனப்பாடம் செய்ததுதான் இன்றைக்கு என்னிடம் இருக்கிறது.

கிளம்புகிற அன்று, கட்டியிருந்த பழைய சேலையை மாற்றிவிட்டு, அதைக் கட்டுத்தரை முளையில் சுற்றிவிட்டுப் போனார். வாசனை பிடித்துக்கொண்டு மாடு நிற்கும் என்று. மாடு நின்றது. அம்மா அந்தச் சேலையை ரொம்ப நாள் துவைக்கவே இல்லை. மாட்டுக்காக என்றுதான் எல்லோரிடமும் சொன்னார்.

இடையில் ரேடியோவைப் போட்டவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன்: காங்கயம் மாட்டின் தாய்வழியைக் காப்பாற்றியது பெண்களின் ஞாபகம். பால் கறக்கிறவளுக்குத்தான் மாட்டின் குணம் தெரியும். கன்றை அவிழ்த்து நாலு வாய் குடிக்க விட்டால்தான் இந்த மாடு சுரக்கும். ஏமாற்ற முடியாது. வேற்றுக் கை பட்டால் பாலை மேலே இழுத்துக்கொள்ளும். இரண்டு காம்பு நமக்கு, இரண்டு காம்பு கன்றுக்கு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அந்தக் கணக்கில் கை வைக்க அம்மா யாரையும் விட்டதில்லை, அப்பாவையும் சேர்த்துத்தான்.

கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாசத்தில் அந்தச் சிவப்பு உதிர்ந்து மயிலையாகும், சாம்பல் நிறம். தெரியாதவர்கள் வேறு கன்று என்றே நினைத்துவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் நிறத்தை வைத்துக் கன்றுக்குப் பேர் வைப்பதில்லை. கொம்பு வளைகிற வரைக்கும் "கூடுகொம்பி மகள்", "கூடுகொம்பி பேத்தி" என்று தாய் பேர்தான். என் கட்டுத்தரையில் இப்போது நிற்பது பதினோராவது தலைமுறை. பட்டிப் பொங்கல் அன்று "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று எல்லோரும் சத்தம் போடும்போது, நான் இந்தப் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். என் மகள் இப்போது அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டிலும் வயசான பெண்கள் இருந்தால் இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். அம்மிச்சிக்கு அவர் அம்மா வீட்டுப் பசுவின் பேர் தெரிந்திருந்தது. நாங்கள் கேட்காமலே விட்டுவிட்டோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். எங்கள் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்து வந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், இவை சேர்ந்ததுதான் கொரங்காடு. வேலங்காயை மாடும் ஆடும் தின்னும், சாணியிலும் புழுக்கையிலும் விதை விழும், மழைக்கு முளைக்கும். யாரும் விதைக்க வேண்டாம். காய்ந்து போனாலும் அந்தப் புல்லை மாடு தின்னும். இது இல்லாமல் எங்கள் வறண்ட காட்டில் காங்கயம் மாடு இல்லை. கொரங்காட்டை மனை போடக் கேட்டு வருகிறார்கள். வீட்டில் பெண்களையும் உட்கார வைத்துப் பேசி முடிவெடுங்கள். கொரங்காடு வைத்திருப்பவர்களே, ஐப்பசி மழை விழுந்ததும் மாட்டை உள்ளே விட்டுவிடாதீர்கள். புல் எழும்பி விதை உதிர்கிற வரைக்கும் வேலிக் கடவில், அதாவது உள்ளே போகிற வழியில், படலைச் சாத்தி வையுங்கள்.

வணக்கம்.