நொண்டியடிக்கக் கற்கும் வயது

[காட்சி: வகுப்பறைச் சுவரில் ஒட்டிய கால அட்டவணை. வியாழக்கிழமை, கடைசிப் பாடவேளை: உடற்கல்வி.]

வணக்கம். நான் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. இந்த வீடியோ ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக. அட்டவணையில் உடற்கல்வி என்று எழுதியிருப்பதைப் பிள்ளைகள் பி.டி. பீரியட் என்பார்கள். வியாழக்கிழமை காலையில் பையை இறக்கி வைக்கும்போதே, "டீச்சர், இன்னிக்கு பி.டி. இருக்குல்ல?" என்று கேட்டுவிடுவார்கள். அந்த நேரத்திலும் கணக்கு நோட்டை எடுக்கச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் அதில் தெரியும்.

பயத்துக்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாடம் முடியாவிட்டால் நான் முதலில் கை வைத்தது இந்தப் பீரியடில்தான். விளையாட்டுதானே, சாயங்காலம் தெருவில் ஆடிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அது தவறு. ஏன் தவறு என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

[காட்சி: சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்த பாண்டிக் கட்டம். ஒரு குழந்தையின் கால்கள் மட்டும்.]

இந்தக் கால்களைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. முதல் கட்டத்தில் சில்லைப் போட்டுவிட்டு, அதைத் தாண்டி இரண்டாவது கட்டத்தில் ஒற்றைக் காலில் குதிக்கிறாள். குதித்ததும் அப்படியே நிற்க முடியவில்லை. தூக்கிய கால் தரையைத் தொட்டுவிடுகிறது. மறுபடியும் குதிக்கிறாள். இந்த முறை இரண்டு கைகளும் தாமாகவே பக்கவாட்டில் விரிகின்றன, முழங்கால் லேசாக மடிகிறது, கணுக்கால் ஒரு நொடி நடுங்கி அடங்குகிறது. நின்றுவிட்டாள்.

கையை விரிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. பாதத்திலும் மூட்டுகளிலும் இருக்கும் நரம்புகள் எங்கே எவ்வளவு எடை இறங்குகிறது என்று சொல்கின்றன. கண் கோட்டைப் பார்க்கிறது. இந்த மூன்று தகவலையும் சேர்த்துத்தான் மூளை தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. முதல் முறை கட்டளை கொஞ்சம் தாமதம். பத்தாவது முறை சரியாக வந்து சேர்கிறது.

ஓடுவது, தாண்டுவது, நொண்டுவது, எறிவது, பிடிப்பது, உதைப்பது. இவைதான் உடலின் அ, ஆ, இ, ஈ. எல்லா விளையாட்டும் இவற்றைச் சேர்த்து எழுதும் வாக்கியங்கள். இந்த எழுத்துகள் படிவதற்கு ஏற்ற வயது தொடக்கப் பள்ளி வயதுதான். தானாக வந்துவிடும் என்று விட்டால் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. பந்து வரும்போது கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் கிடையாது. பந்தைக் கடைசி வரை பார்க்க யாரும் பழக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு பழைய துணியைச் சுருட்டிப் பந்தாக்கி, இரண்டடி தூரத்திலிருந்து மெதுவாகப் போடுங்கள். பட்டாலும் வலிக்காது என்று தெரிந்ததும் கண் திறந்துவிடும். நாள் செல்லச் செல்ல தூரத்தைக் கூட்டுங்கள்.

[காட்சி: கயிறு தாண்டும் பிள்ளைகள். பாதம் தரையில் இறங்கும் காட்சி மெதுவாக.]

இப்போது தோலுக்கு உள்ளே போவோம். ஒவ்வொரு முறை குதித்து இறங்கும்போதும் கால் எலும்பில் ஒரு சின்ன அதிர்ச்சி இறங்குகிறது. எலும்பில் இருக்கும் செல்கள் அதை உணர்ந்து, இந்த இடத்துக்கு இன்னும் பலம் வேண்டும் என்று சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துக் கட்டுகின்றன. பெரியவரானதும் நம் உடலில் இருக்கும் எலும்புச் சத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, உயரம் கிடுகிடுவென ஏறும் இரண்டு ஆண்டுகளில்தான் சேர்கிறது. தொடக்கப் பள்ளி முடிவதும் அந்த ஆண்டுகள் நெருங்குவதும் ஏறக்குறைய ஒரே சமயம். ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளையை "பெரிய பொண்ணாயிட்ட, குதிக்காதே" என்று உட்கார வைக்கிறோமே, அவள் குதிக்க வேண்டிய நேரமே அதுதான். இதைச் சொல்லும்போது எனக்கு மனது பொறுக்கவில்லை. பாட்டி, அத்தை, யார் சொன்னாலும் நீங்கள் அவள் பக்கம் நில்லுங்கள்.

கண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவுகள் 2015-ல் வெளிவந்தன. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மீதிப் பள்ளிகளில் வழக்கம்போல். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம். பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது, அது கண்விழி தேவைக்கு மேல் நீளாமல் பார்த்துக்கொள்கிறது என்பதுதான் இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். இத்தனைக்கும் அவர்கள் மருந்து தரவில்லை, கண்ணாடி தரவில்லை. கதவைத் திறந்துவிட்டார்கள்.

[காட்சி: வகுப்பறை. குனிந்து எழுதும் பிள்ளைகள்.]

சரி, படிப்பு? பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். "விளையாடினால் மார்க் குறையாதா, டீச்சர்?" அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு நாள் 20 நிமிடம் நடந்த பிறகு தேர்வு. இன்னொரு நாள் சும்மா உட்கார்ந்திருந்த பிறகு தேர்வு. நடந்த நாளில் கவனத்தைச் சோதிக்கும் கேள்விகளுக்குச் சரியான பதில்கள் கூடின. வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்விலும் நன்றாகச் செய்தார்கள். இது 2009-ல் வெளிவந்தது. 20 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்துப் பெரிதாகப் பேச முடியாது. ஆனால் என் வகுப்பில் நான் தினமும் பார்ப்பதும் இதையேதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுத்தல் கணக்கு போட வைத்தால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். பத்து நிமிடம் வெளியே ஓடவிட்டு, முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார வைத்தால், மீதியை எழுத மறப்பவர்கள் குறைந்துவிடுகிறார்கள். கணக்குக்காக பி.டி.யை எடுத்த நான்தான் இன்று கணக்குக்காகவே பி.டி.யைக் காப்பாற்றுகிறேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினமும் 60 நிமிடம், மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் மூன்று நாளாவது நன்றாக வியர்க்கும் ஆட்டமும், தசைக்கும் எலும்புக்கும் வலுச்சேர்க்கும் ஆட்டமும் வேண்டும். வாரம் ஒரு பீரியட் இதற்குப் போதாது. அந்த ஒன்றையும் எடுத்துவிட்டால்?

[காட்சி: பள்ளி மைதானம். வேப்ப மரம், கொடிக்கம்பம்.]

"எங்கள் பள்ளியில் பி.டி. சாரே இல்லையே" என்பீர்கள். உண்மை. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான், பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பாசிரியர்தான் எல்லாம். அறுபது பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். அந்த வயதுக்குத்தான் ஆள் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஆள் வரும் வரை காத்திருந்தால் இந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் என்ற ஊரில் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளி இருக்கிறது. 2012-ல் அங்கே தலைமை ஆசிரியையாக இருந்த எலைன் வைலி, மேல் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். ஒரு சுற்றிலேயே பலருக்கு மூச்சு இரைத்தது. அதன்பின் தினமும் 15 நிமிடம் வகுப்போடு வெளியே போனார்கள். ஓடுபவர் ஓடலாம், முடியாதவர் நடக்கலாம். போட்டி கிடையாது. தனி உடை இல்லை, ஷூ மாற்றுவது இல்லை, எந்தப் பொருளும் இல்லை. சில வாரங்களில் பிள்ளைகளிடம் மாற்றம் தெரிந்தது. 'டெய்லி மைல்' என்று பெயர் பெற்று, அது இன்று பல நாடுகளில் நடக்கிறது. அங்கே மழையும் குளிரும், இங்கே வெயில். அதனால் நம் பள்ளிகளில் காலை வணக்கக் கூட்டம் முடிந்த கையோடு செய்வதுதான் நல்லது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் வெறும் வயிற்றோடு நின்று மயங்கி விழும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. இப்போது வயிற்றில் பொங்கலோ உப்புமாவோ இருக்கிறது. சாப்பிட்டதும் ஓடவிடாமல் கொஞ்ச நேரம் விட்டால் போதும்.

ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒன்றைக் கவனியுங்கள். மியூசிக்கல் சேரில் முதலில் அவுட்டாவது யார்? மெதுவாக அசையும் பிள்ளை. அவனுக்குத்தான் அதிகப் பழக்கம் வேண்டும். அவன்தான் அதிக நேரம் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான். கல்லா மண்ணாவில் அப்படி இல்லை. பிடிபட்டவன் பிடிப்பவனாக மாறுகிறான், எல்லோரும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை இருந்தால் பந்துக்குள் சலங்கை போட்டுத் தையுங்கள். மற்ற பிள்ளைகளும் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்தப் பந்தையே கேட்பார்கள்.

அப்புறம், தாமதமாக வந்தால் மைதானத்தை நான்கு முறை சுற்று என்பது உடற்கல்வி ஆகாது. அது தண்டனை, சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்தால் ஓடுவதென்றாலே பிள்ளைக்குக் கசந்துவிடும்.

[காட்சி: பள்ளி அறிவிப்புப் பலகை.]

எங்கள் அறிவிப்புப் பலகையிலும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் முன்பு விளையாட்டுச் செய்தி என்றால் ஆண்டு விழாவில் கோப்பை வாங்கிய மூன்று பேரின் போட்டோதான். ஒரு நாள் வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். "இந்த வாரம் இரண்டாம் வகுப்பில் ஆறு பேர் கயிறு தாண்டப் பழகிவிட்டார்கள்." பெயர் போடவில்லை. அன்று சாயங்காலம் கேட்டில் நின்ற அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து, "ஆறு பேரில் எங்க பிள்ளை உண்டா டீச்சர்?" என்று கேட்டார்கள். இல்லாத பிள்ளையின் அம்மா ஒருவர் மறுநாளே வீட்டிலிருந்த கொடிக்கயிற்றை வெட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தார். இப்போது வாரம் ஒரு வரி எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளை படிப்பது அரசுப் பள்ளி என்றால் அங்கே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்க்கும் உரிமையும் அந்தக் குழுவுக்கு உண்டு. விளையாட்டு மைதானமும் வகுப்புக்கு வேண்டிய விளையாட்டுப் பொருள்களும் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். பி.டி. பீரியட் எந்த நாள்? போன வாரம் அது நடந்ததா?

[காட்சி: மறுபடி அதே பாண்டிக் கட்டம். வியாழன், கடைசிப் பீரியட். அவள் எட்டாவது கட்டம் வரை ஒற்றைக் காலில் போய், திரும்பி, குனிந்து, சில்லை எடுக்கிறாள். தூக்கிய கால் தரையைத் தொடவில்லை.]