இல்லிக்குடத்தில் துளை எங்கே?

(கேரளத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கத்தோலிக்க எல்.பி. பள்ளி (நாலாம் வகுப்பு வரையுள்ள தொடக்கப் பள்ளி) ஒன்றின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பங்குத்தந்தை அவர்களே, தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களே, பி.டி.ஏ. நிர்வாகிகளே, காலையிலிருந்து பிள்ளைகளுக்குப் பவுடர் பூசி, பூ வைத்து, களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். டான்ஸ் எப்போது என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. சுருக்கமாகப் பேசுகிறேன். டீச்சர்கள் 'சுருக்கமாக' என்று சொன்னால் அது எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாததா?

நான் இந்தப் பக்கம் வேலைக்கு வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மலையாளத்துச் சேச்சி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். "பள்ளிக்கு" என்றேன். "இன்னைக்கு வியாழக்கிழமைதானே, என்ன விசேஷம், பெருநாளா?" என்றார். மலையாளத்தில் பள்ளி என்றால் மாதா கோயில், மசூதியும் பள்ளிதான். நமக்குப் பள்ளி என்றால் படிக்கிற இடம். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பூசைக்குக் கிளம்பும்போது கோயிலுக்குப் போகிறோம் என்றுதானே சொல்கிறார்கள்? எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் சொல் அப்படியே இருக்கிறது, பொருள் மாறிவிடுகிறது.

அந்தச் சொல்லுக்குப் பழைய வீடு வேறு. சமண முனிவர்கள் படுத்துறங்கிய இடம் பள்ளி. அங்கேயே பாடமும் சொன்னார்கள், அதனால் பாடம் நடக்கும் இடமெல்லாம் பள்ளி ஆகிவிட்டது. பாலக்காட்டு டவுனில் ஜைனிமேடு என்று ஓர் இடம், பழைய சமணக் கோயில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. சமணர் கொடுத்த சொல், கத்தோலிக்கர் கட்டிய சுவர், உள்ளே உட்கார்ந்திருப்பது எல்லா வீட்டுப் பிள்ளைகளும்.

கேரளத்தில் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவர்களில் பெரியவர் சாவறை குரியாக்கோஸ் ஏலியாஸ் அச்சன் என்ற பாதிரியார் (1805–1871). 1846இல் மான்னானத்தில் ஒரு சமஸ்கிருதப் பள்ளி தொடங்கினார். 1861இல் விகார் ஜெனரல், அதாவது ஆயருக்கு அடுத்த பொறுப்பில், ஆன பிறகு, கோயில் இருக்கும் இடமெல்லாம் பள்ளிக்கூடமும் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஏழைப் பிள்ளை பசியோடு எப்படிப் படிக்கும்? அதற்குத்தான் பிடியரி. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பது, அதைச் சேர்த்து மத்தியானச் சோறு போடுவது. 2014இல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். பங்குத்தந்தை மன்னிக்க வேண்டும், எனக்கு அந்தப் பட்டத்தைவிட இந்தப் பிடி அரிசிதான் பெரிதாகத் தெரிகிறது.

இனி நான் பேச வந்த விஷயம்.

பவணந்தி முனிவரின் நன்னூலை டீச்சர் டிரெயினிங்கில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவரும் சமணர்தான். மாணாக்கர்களைப் பல வகையாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் இடை. கடைசி வரிசையில் நான்கு: இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்ற நெய் வடிகட்டி. இல்லிக்குடம் என்றால் ஓட்டைக் குடம். ஊற்ற ஊற்ற ஒழுகிக்கொண்டே இருக்கும். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் இதைத்தான் அடிக்கடி எடுத்து வீசுவோம். "அது ஓட்டைக் குடம் டீச்சர், விடுங்க."

ஆனால் நன்னூலில் மாணாக்கருக்கு முன்னால் ஆசிரியர்கள் வருகிறார்கள். ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கும் நான்கு உவமை உண்டு. கழற்காய் போட்ட குடம்: சாய்த்தால் போட்ட வரிசையில் வராது, முன்னும் பின்னுமாக உருளும். மடற்பனை: தானாகப் பழம் விழுந்தால் உண்டு, நாம் ஏறிப் பறிக்க முடியாது. பருத்திக் குண்டிகை, அதாவது பஞ்சு அடைத்த குடுக்கை: அடைப்பதும் கஷ்டம், பிடுங்குவதும் கஷ்டம். கடைசியாக முடத்தெங்கு. தென்னந்தோப்புக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் விட்டது நீங்கள், மரம் வளைந்து காய் விழுவது பக்கத்துத் தோப்பில். இந்த நான்கையும் எந்த ஸ்டாஃப் ரூமிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் பருத்திக் குண்டிகையாக இருந்த ஒரு வருஷத்தைச் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பு, தமிழ் டிவிஷன், அதாவது தமிழில் பாடம் நடக்கும் பிரிவு. தேங்காய் பறிக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். 'தேங்காய்' என்று எழுதச் சொன்னால் முதலில் 'த' போடுவான், அதற்குப் பிறகு இரட்டைக் கொம்பைப் போடுவான். 'கெண்டை', 'பேன்', 'வேலி' எல்லாம் அப்படித்தான். மூன்று மாதம் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே இருந்தேன். அவன் நோட்டைப் பார்த்தால் அம்மை போட்டதுபோல் இருக்கும். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, பையன் மந்தம் என்று சொன்னேன். அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொன்னேன்.

பி.ஆர்.சி. என்கிற வட்டார வள மையத்திலிருந்து, தடுமாறும் பிள்ளைகளைக் கவனிக்கும் ரிசோர்ஸ் டீச்சர் ஒருவர் அவ்வப்போது வருவார், சின்னப் பெண். அவள் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் கண்ணு கொம்பைப் பின்னால போடறே?" என்று கேட்டாள். மூன்று மாதத்தில் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவேயில்லை. அவன் சொன்னான்: "தேன்னு சொன்னா த்-தானே முதல்ல வருது, டீச்சர்? அப்புறந்தானே ஏ வருது?"

யோசித்துப் பாருங்கள். அவன் சொன்னது சரி. காதில் முதலில் விழுவது த், பின்னால்தான் ஏ. எழுதும்போது மட்டும் பின்னால் வரும் ஒலிக்கு முன்னால் கொம்பு போடு என்கிறோம். ஏன் என்று எவருமே அவனுக்குச் சொல்லவில்லை. அந்த இரட்டைக் கொம்பே வீரமாமுனிவர் கொடுத்தது என்பார்கள். அதற்கு முன் குறிலுக்கு மேலே புள்ளி வைத்துத்தான் 'தெ'யையும் 'தே'யையும் பிரித்தார்களாம். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் எழுத்தைப் புதிதாகக் கற்றவர் அவர். எங்கே தடுக்கிறது என்று தடுக்கி விழுந்தவருக்குத்தான் தெரியும்போல.

அந்தப் பெண் ஒரு தட்டில் ஆற்று மணலைப் பரப்பினாள். கொம்பைத் தனி அட்டையில் வெட்டினாள். "வேலிக்கு அந்தப் பக்கம் மாடு வந்தா உனக்கு முதல்ல என்ன தெரியும்?" என்றாள். "கொம்பு." "அப்ப முதல்ல கொம்பைப் போடு, மாடு பின்னால வரட்டும்." மணலில் விரலால் போட்டுப் போட்டு அழித்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் தாத்தாக்கள் எழுதியதும் மணலில்தானே? ஸ்லேட் வந்தது, நோட்டு வந்தது, மணலைக் கூட்டி வெளியே தள்ளிவிட்டோம்.

அவன் கலெக்டர் ஆகிவிட்டான் என்று நான் சொல்லப்போவதாக நினைக்காதீர்கள். நாலாம் வகுப்பு முடிக்கும்போது நிதானமாக, எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு குடும்பம் பொள்ளாச்சிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டது. இங்கே எல்.பி. நாலோடு முடிகிறது, அங்கே தொடக்கப் பள்ளி ஐந்து வரை. எந்த வகுப்பில் உட்கார வைத்தார்களோ, தெரியவில்லை.

தாய்மார்களுக்கு ஒன்று. எழுத்துத் தடுமாறும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே காரணம் கிடையாது. சிலருக்குக் கண், கரும்பலகையே தெரியாது. சிலருக்குக் காதில் சீழ். சிலருக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், டியூஷனில் இங்கிலீஷ். தமிழில் ஒரே 'க' போதும், மலையாளத்தில் அதற்கு நான்கு எழுத்து, பிள்ளை குழம்பாதா? இதெல்லாம் இல்லாமல் உண்மையாகவே கற்றல் குறைபாடு உள்ளவர்களும் உண்டு. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது, அதில் இதுவும் ஒன்று. முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். துளை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குடத்தை உடைக்காதீர்கள்.

தமிழ் டிவிஷனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1956 நவம்பர் 1இல் மாநிலங்களைப் பிரித்தார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்று 350-ஏ பிரிவை அரசியல் சட்டத்தில் சேர்த்ததும் அதே வருஷம்தான். சட்டம் இருக்கிறது, பிள்ளைகள் வேண்டுமே! ஜூனில் ஆறாவது வேலை நாள் தலை எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் ஃபால், அந்தப் பிரிவையே எடுத்துவிடுவார்கள். அதற்காக மே மாத வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு இந்த டீச்சர்கள் வீடு வீடாக வருகிறார்கள். நீங்கள் தண்ணீர் கொடுக்கிறீர்கள், மோர்கூடக் கொடுக்கிறீர்கள், பிள்ளையை மட்டும் இங்கிலீஷ் மீடியம் வேனில் ஏற்றிவிடுகிறீர்கள். திட்டவில்லை. வேன் வாசலுக்கே வருகிறது, இங்கே நடந்து வர வேண்டும். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது.

நான் கேட்பது அரிசி இல்லை, சோற்றை அரசாங்கம் போடுகிறது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பின்தங்கிய பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை சொல்ல ஊரிலிருந்து ஆள் வேண்டும் என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். பாட்டிமார் யாராவது வாருங்கள். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது என்று ஒரு அம்மா காலையில் என்னிடம் தயங்கினார். பரவாயில்லை அம்மா, நீங்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் மணலில் எழுதட்டும். மணலை நான் கொண்டுவருகிறேன். பெயரைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இதோ, ஒன்றாம் வகுப்பு மயில்கள் மேடைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கின்றன, ஒரு மயிலுக்கு அழுகை வரும்போல இருக்கிறது. நான் இறங்குகிறேன்.