வேலியில் ஒரு பொட்டு

(யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியோருக்கும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். மனித இயல்பு, நம்பிக்கை, உழைப்பு, பிணக்கு என்று நாலு பெரிய சொற்களைத் தந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாலையும் தனித்தனியே பிரித்துப் பேச எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது வேலி. அதைப் பற்றிப் பேசுகிறேன்; நாலும் அதற்குள் வந்துவிடும்.

முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு மத்தியஸ்த சபையில் சில காலம் இருந்தேன். ஒரு பிணக்கை மூன்று பேர் இருந்து கேட்போம். சட்டத்தரணி வர முடியாது. இரண்டு பகுதியும் தங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். கடன், அடிபிடி எல்லாம் வரும். ஆனால் என் மனதில் நிற்பவை காணிப் பிணக்குகள்தான். எல்லையில் வேலிக்கு நடும் கதியால் தடியைத் தள்ளி நட்டுவிட்டான், கிணற்றுப் பங்கில் என் முறைக்குத் தண்ணீர் விடவில்லை, ஒழுங்கையை அடைத்துவிட்டான். காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் பாட்டன் காலத்திலேயே எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருப்பார். மூன்றாம் தலைமுறையில் அதே வரியைப் பிடித்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் எங்கள் முன்னால் இருப்பார்கள்.

ஒருநாள் ஒருவரிடம் கேட்டேன்: "ஒரு சாண் நிலம். அதில் என்ன விளையப் போகிறது? ஒரு வரி வெங்காயம் கூட வராதே." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நிலத்துக்கில்லை மாஸ்டர். என்னை ஒரு சொல் கேட்காமல் நட்டவர்."

அந்தப் பதிலோடு நான் பல வருடமாக இருக்கிறேன். நாங்கள் மண்ணுக்காகச் சண்டை பிடிக்கிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இங்கே இருக்கும் இளம் பிள்ளைகள் ஓலைவேலி அடைப்பதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பனையோலையை அடுக்கி, வரிச்சுத் தடி வைத்து, குத்தூசியில் கயிற்றைக் கோத்து ஒருவர் இந்தப் பக்கத்தில் இருந்து குத்துவார். அந்தப் பக்கத்தில் ஒருவர் குந்தியிருந்து கயிற்றை எடுத்து, வரிச்சைச் சுற்றி, திரும்ப ஊசியில் கோத்து விடுவார். "குத்து." "எடுத்தாச்சு." "இழு." காலையில் தொடங்கினால் மத்தியானம் வரை இந்த மூன்று சொல்தான். தனியாக ஒருவர் வேலி அடைக்க முடியாது. அயலவரைப் பிரிக்கும் வேலியை அடைக்கவும் அயலவரின் முற்றத்தில் ஒரு ஆள் வேண்டும்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஐயாவும் பக்கத்து வளவுக்காரரும் ஒரு கதியால் விஷயத்தில் பேச்சுப் பறைச்சல் இல்லாமல் இருந்த காலம். அந்த வருடம் வேலி அடைக்க ஐயா என்னைத்தான் அந்தப் பக்கம் அனுப்பினார். வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஆள் குனிந்து போகும் அளவு ஓட்டை. அதற்குள்ளால்தான் அம்மா கறிக் கிண்ணம் கொடுப்பார், நெருப்புத்தணல் வாங்குவார். நான் அதற்குள்ளால் போய்க் குந்தினேன். அந்த வீட்டு மாமி ஒன்றும் கேட்காமல் ஒரு கோப்பை தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தார். ஓலை அடைத்துக்கொண்டு பொட்டு வரை வந்தோம். இதையும் மூடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஐயா அதை விட்டுவிட்டு அடுத்த கதியாலில் தொடங்கினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அந்தக் கோபம் முழுதாகத் தீரவே இல்லை. நல்லநாள் பெருநாளில் இரண்டு சொல் பேசுவார்கள், திரும்ப விட்டுவிடுவார்கள். 1990களில் அரசின் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் கிடைக்காது. ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு இறைக்கும் மெசினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் வெங்காயம் கருகும். எங்கள் இரண்டு வளவுக்கும் சேர்த்து ஒரு சின்ன மருந்துப் போத்தல். அது பொட்டுக் கதியாலில் கயிற்றில் தொங்கும். தேவையானவர் எடுத்து நாலு சொட்டு விட்டுவிட்டுத் திரும்பத் தொங்கவிடுவார். பேச்சு இல்லை. ஆனால் ஒருவர்கூட ஒரு சொட்டு அதிகம் எடுத்ததில்லை. உழைப்பு மனிதரை நல்லவராக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பேருடைய பயிருக்கும் ஒரே வெயில்தான் என்பதை அது தினமும் காட்டிக்கொண்டிருந்தது.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கிவர, வலிகாமம் எழும்பி நடந்த இரவு. மழை. செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, நடக்க ஏலாது. பக்கத்து வளவுக்காரரின் மகன்தான் அவரைத் தன் சைக்கிள் கரியரில் இருத்தி, கைதடி வரை உருட்டிக்கொண்டு வந்தான். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. சரி, எல்லாம் தீர்ந்துவிட்டது என்றுதான் நான் நம்பினேன்.

அடுத்த வருடம் திரும்பி வந்தோம். வேலியில் ஓலை ஒன்றும் இல்லை. கதவு, நிலை எல்லாம் போய்விட்டன. ஐயா வீட்டுக்குள் போகவில்லை. நேரே எல்லைக்குப் போய், சரிந்து கிடந்த முருக்கங்கதியாலைத் தடியால் தட்டி, "இது எங்கட" என்றார். அதே நேரம் அந்தப் பக்கத்தில் அவரும் நின்றார். மனிதர் இப்படித்தான். துன்பம் எங்களைத் திருத்திவிடும் என்று மேடைகளில் சொல்லுகிறோம். நான் பார்த்தது வேறு.

1995ஐப் பேசும்போது இன்னொரு நாளையும் பேச வேண்டும். 1990 ஒக்டோபர் 30. அதே திகதி, ஐந்து வருடம் முந்தி. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்கள். என் காற்சட்டைத் துணி ஒன்று சோனகத் தெருப் பக்கம் ஒரு தையல்கடையில் இருந்தது. அந்தக் கிழமை நான் முதலில் நினைத்தது அந்தத் துணியை. அதைத் தைக்க இருந்த மனிதர் எந்த வழியால் போனார், பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடைத்ததா என்று நினைக்க எனக்குச் சில நாள் எடுத்தது. இதை இந்த ஊர்ச் சபையில் சொல்ல முப்பது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

நம்பிக்கைக்கு வருகிறேன். நல்லூர் முருகன் கோயிலில் ஒரு ரூபாய்க்கு அர்ச்சனை. தேரன்று வடத்தைப் பிடிக்கும் வெறும் மேல்களில் யார் என்ன ஆள் என்று தெரியாது. அந்த மணலில் நிற்கும்போது எனக்கு இப்போதும் கண் கலங்கும். ஆனால் 1968ல் மாவிட்டபுரம் கோயிலில், ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போகக்கூடாதென்று வாசலில் மறித்தார்கள். அங்கேயும் முருகன்தான். மறித்தவர்களும் திருநீறு பூசித்தான் நின்றார்கள், வெளியில் நின்றவர்களும் பூசித்தான் நின்றார்கள்.

யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமி சொல்லிவந்த "எப்பவோ முடிந்த காரியம்" எங்கள் வீடுகளில் புழங்கும் வாக்கு. கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து, கணக்குப் பார்த்து உழைத்த மனிதர் அவர். அந்த வாக்கை, மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம் ஒரு படித்த மனிதர் சொல்ல நான் கேட்டேன். அந்தத் தாய் பதில் சொல்லாமல், மகனின் படத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். தனக்குள் சொல்லிக்கொள்ள வேண்டிய வாக்கை மற்றவரின் வாயை அடைக்க எடுக்கக்கூடாது. அன்றைக்கு நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது ஓலைவேலி குறைந்துவிட்டது. வெளிநாட்டுக் காசு வந்தது, மதில் வந்தது. எங்கள் வீட்டிலும் மகன் அனுப்பிய காசில் ஆறடி மதில் எழுப்பினோம். மதிலுக்குக் குத்தூசி தேவையில்லை. அந்தப் பக்கம் ஆள் தேவையில்லை. மேசன் இந்தப் பக்கத்தில் நின்றே கட்டி முடித்துவிட்டான். பொட்டு இருந்த இடத்தில் கல்லு வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் இப்போது இருப்பது, ஐயாவைச் சைக்கிளில் உருட்டியவர்தான். அவருடைய பேத்தி என்னிடம் கணக்குக் கேட்க ரோட்டைச் சுற்றி வருகிறாள். மழைக்காலத்தில் வருவதில்லை.

போன கிழமை மேசனைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் இரண்டரை அடி உடைத்து ஒரு சின்னப் படலை போடச் சொன்னேன். அவன் அளந்து பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் மாஸ்டர் கொளுக்கி போடுறது?" என்று கேட்டான்.

நான் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் சொல்ல ஏலாது என்றேன். நாளைக்குக் காலமை அவர் வருகிறார்.