அவராகத்தானே போனார்?

நேயர்களுக்கு வணக்கம். மனிதக் கடத்தல் பற்றிப் பேசினால் தவறாமல் வரும் கேள்வி: "யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லையே, அவராகச் சம்மதித்துத்தானே போனார்?" உண்மைதான். பல பேர் நல்ல வேலை கிடைத்த சந்தோஷத்தில் தாமே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அழைத்துப் போகிறவர் சில நேரம் உறவினராகவே இருப்பார்.

ஆனால் ஐ.நா. 2000-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட, மனிதக் கடத்தலைத் தடுப்பதற்கான பலெர்மோ நெறிமுறையின்படி, சுரண்டுவதற்காக மிரட்டியோ ஏமாற்றியோ ஒருவரின் இக்கட்டைப் பயன்படுத்தியோ வாங்கிய சம்மதம் செல்லாது. 18 வயது நிறையாதவர் என்றால் ஏமாற்றினார்களா என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை. எல்லை தாண்டியிருக்க வேண்டும் என்றும் இல்லை.

சரி, போன இடம் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாமே? அங்கேதான் கடன் நோட்டு வருகிறது. பயணச் செலவு, ஏஜென்ட் கமிஷன், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதில் ஏறும். உடம்பு சரியில்லாமல் படுத்த நாளுக்கு அபராதம், அதுவும் கடன் கணக்கில். பாஸ்போர்ட்டை முதல் நாளே "பத்திரமாக வைக்கிறேன்" என்று வாங்கிவிடுவார்கள். அப்புறம் கதவைப் பூட்டவே தேவையில்லை. வெளியே போனால் போலீஸ் தன்னைத்தான் பிடிக்கும் என்று பயம்; கடனுக்காகக் குடும்பத்தை மிரட்டுவார்களோ என்று இன்னொரு பயம்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2021-இல் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தவர்கள் சுமார் 2 கோடியே 76 லட்சம் பேர். இதில் ஆண்டுக்குக் கிடைக்கும் சட்டவிரோத லாபம் 23,600 கோடி டாலர் என்று 2024-இல் அதே அமைப்பு சொன்னது. இவ்வளவு பணம் புரளும் தொழிலைக் கடைநிலை ஏஜென்ட் ஒருவரைக் கைது செய்து நிறுத்திவிட முடியாது.

படித்தவர்களும் சிக்குகிறார்கள். கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போனவர்களைக் கம்போடியாவிலும் மியான்மரிலும் வளாகங்களில் அடைத்து, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். கொடுத்த இலக்கை எட்டாவிட்டால் அடி. பணத்தைப் பறிகொடுத்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அடிக்குப் பயந்து போன் பேசியவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் கும்பலுக்குத்தான் லாபம். தப்பி வருகிறவர் யாரும் வாயைத் திறக்க மாட்டார்.

யாராவது இப்படிச் சிக்கியிருக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால், அவரிடம் "ஏன் ஓடிவரவில்லை?" என்று கேட்காதீர்கள். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, சம்பளம் கையில் வருகிறதா, எவ்வளவு கடன் பாக்கி என்று கேளுங்கள். முதலாளியோ ஏஜென்ட்டோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வேண்டாம். விஷயம் தெரிந்தால் அன்றைக்கே ஆளை இடம் மாற்றிவிடக்கூடும்.