தேய்ந்த பாகமும் பிரிக்கும் கூலியும்

வேளாண் நேயர்களுக்கு வணக்கம். கோடை உழவு முடிந்து டிராக்டர் கொட்டகையில் நிற்கும் நேரம் இது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். தண்ணீர் வந்து சேற்றுழவு தொடங்கிவிட்டால் வண்டியைப் பட்டறையில் விட்டுவைக்க யாருக்கும் மனம் வராது. அதனால் பழைய வண்டிக்காரர்கள் இப்போதுதான் எங்கள் பட்டறையைத் தேடி வருகிறார்கள். வந்ததும் கேட்பது: "இதையே சரிசெய்து ஓட்டலாமா, புதிது போட வேண்டுமா?"

சாமானின் விலையை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதை வெளியே எடுக்க எதையெல்லாம் பிரிக்க வேண்டும் என்று முதலில் பாருங்கள். மாஸி பெர்குசன் 1035 போன்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டைத் தொட வேண்டுமானால், முட்டுக் கொடுத்து, எஞ்சினை ஒரு பக்கமும் கியர் பெட்டியை ஒரு பக்கமுமாக வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுப் பிரித்த பிறகு, "பிளேட் மட்டும் போடுங்கள், ரிலீஸ் பேரிங் (கிளட்சை மிதிக்கும்போது பிளேட்டை விடுவிக்க உதவும் பேரிங்) நன்றாகத்தானே சுற்றுகிறது" என்பார் உரிமையாளர். நடவு நடுவில் அந்தப் பேரிங் கத்த ஆரம்பித்தால் மறுபடியும் முட்டு, மறுபடியும் பிரிப்பு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ரிலீஸ் பேரிங், கியர் பெட்டித் தண்டின் முன்முனையைத் தாங்கும் பைலட் பேரிங், கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் எஞ்சின் தண்டின்) பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் கையோடு மாற்றிவிடுங்கள். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் அப்படியில்லை. வெடிப்பு இல்லாமலும் சூட்டில் நீலம் பாயாமலும் இருந்தால் லேத்தில் முகம் சீவிப் போட்டுக்கொள்ளலாம்.

எஞ்சினைக் கிளப்பிவிடும் செல்ஃப் மோட்டாருக்கு இதற்கு நேர்மாறான கணக்கு. வெளியே இருக்கிறது, சில போல்ட்டுகளைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முழு மோட்டார் வாங்க அவசரமே இல்லை.

அதிகம் ஏமாறுவது எஞ்சினில்தான். நீலப் புகை வருகிறது, ஆயில் குறைகிறது. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மட்டும் மாற்றும் அரை எஞ்சின் வேலை போதுமா, பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான லைனரும் பிஸ்டனும் சேர்த்து முழு வேலை செய்ய வேண்டுமா? இதற்கு விலை உயர்ந்த அளவுகோல் தேவையில்லை. பிஸ்டனை எடுத்த பிறகு, லைனரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். படி போல ஒன்று தட்டும். ரிங் உரசி உரசி அதற்குக் கீழே தேய்ந்திருக்கிறது என்று பொருள். இப்போது ஒரு புது ரிங்கை, ரிங் உரசாத அடிப்பகுதியில் கோணாமல் இறக்கி, இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ரிங்கை அந்தப் படிக்குச் சற்றுக் கீழே வைத்து அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால், விட்டத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். கீழே 0.35 மில்லிமீட்டர், மேலே 0.95 என்றால் தேய்மானம் 0.2. இதில் புது ரிங் போடுவது வீண் செலவு, முழு வேலைதான். தேய்மானம் 0.05 அளவில் இருந்தால் ரிங்கோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

தேய்ந்த கிராங்கைச் சாணை பிடிக்கலாம். பத்து, இருபது, முப்பது என்று பட்டறையில் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு விட்டம் குறைத்திருக்கிறது என்ற கணக்கு. பழைய வண்டி வாங்கும்போது கிராங்க் இப்போது எந்த சைஸில் இருக்கிறது என்று கேளுங்கள். முப்பதிலும் தேய்ந்துவிட்டால் பெரும்பாலும் புதுக் கிராங்க்தான்.

இவ்வளவும் செய்துவிட்டு ஏர் கிளீனர் கிண்ணத்தை மறந்துவிடுகிறார்கள். அடியில் சேறாகத் தங்கியிருக்கும் ஆயிலைக் கொட்டிக் கழுவி, குறியளவுக்குப் புது ஆயில் ஊற்றாவிட்டால், புது லைனரையும் தூசியே அரைத்துத் தின்றுவிடும்.

முன் அச்சின் சென்டர் பின் புஷ்ஷை உள்ளூர் லேத்தில் கன்மெட்டல் என்ற செம்புக் கலவையில் கடைந்து போடலாம், நன்றாகவே உழைக்கும். ஸ்டீயரிங் பால் ஜாயிண்டில் மட்டும் வெல்டிங் வைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கரும்பு டிரெய்லரோடு சாலையில் போகும்போது அது கழன்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்களான கிரவுனும் பினியனும் ஜோடியாகப் பழகியவை, மாற்றினால் இரண்டையும் மாற்றுங்கள்.

கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டுச் சேற்றில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. பின் அச்சின் சீல் போனால் தண்ணீர் புகுந்து கியர் ஆயில் பால் கலந்த தேநீர் போல வெளுத்துவிடும். மாஸி வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் அந்த ஆயிலுக்குள்ளேயேதான் மூழ்கிக் கிடக்கிறது. சீலை இந்தக் கோடையிலேயே மாற்றி, ஆயிலையும் முழுதாக வடித்து மாற்றிவிடுங்கள். அடுத்த போகத்துக்குத் தள்ளிவைத்தால் பம்புக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவைக்க வேண்டியிருக்கும். நன்றி, வணக்கம்.