ஸ்பிண்டிலை மாற்றுவதற்கு முன் பேரிங்கைக் கழற்றிப் பாருங்கள்

[காட்சி: மேசைமேல் கழற்றி வைத்த ஸ்பிண்டில், ஹப், இரண்டு பேரிங்]

வணக்கம். மேசைமேல் குழாய் மாதிரி இருக்கிறதே, இதுதான் ஸ்பிண்டில். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் இருப்பது. வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜொகூர்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண்பாதைகளில் வண்டி விடுகிறவர்கள் லிஃப்ட் கிட், பெரிய டயர், வின்ச் என்று தாராளமாகச் செலவு செய்கிறார்கள். சக்கரத்தைத் தாங்கி நிற்கும் இந்தத் துண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

[காட்சி: ஹப்பை ஸ்பிண்டிலில் ஏற்றுதல்]

இரண்டு பேரிங் வழியாக ஹப், அதாவது சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி, இதன்மேல் உட்கார்ந்து சுழல்கிறது. எடை முழுவதும் ஸ்பிண்டில்மேல்தான். நடுத் துளை வழியாக வரும் ஆக்சில் ஷாஃப்ட்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றுவது மட்டுமே வேலை. இதற்கு ஃபுல் ஃப்ளோட்டிங் என்று பெயர். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே இருக்கும். சுசுகி ஜிம்னியின் பின்பக்கம் செமி ஃப்ளோட்டிங். அங்கே இப்படி ஸ்பிண்டிலே கிடையாது. எடையையும் சுழற்சியையும் ஷாஃப்ட்டே தாங்க வேண்டும். வெளிமுனையில் அது முறிந்தால் சக்கரமே கழன்றுவிடும். ஆகவே உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, ஸ்பிண்டிலை வளைப்பது எது? எடைதான் என்று நினைப்போம். ஒரு சக்கரத்தின்மேல் 500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரின் நடுக்கோடு ஸ்பிண்டிலின் அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், எடையைத் தூரத்தால் பெருக்க, வளைக்கும் திருப்புவிசை 50 கிலோகிராம்-மீட்டர். அதே வண்டி சேற்றில் வழுக்கிப் போய் ஒரு வேரில் பக்கவாட்டில் மோதுகிறது, அங்கேயும் 500 கிலோ விசை என்றால்? இப்போது நெம்புகோலின் நீளம் டயரின் ஆரம். 33 அங்குல டயருக்குச் சுமார் 40 சென்டிமீட்டர். கணக்கு 200 ஆகிவிடுகிறது, நான்கு மடங்கு! பெரிய டயர் போட்டால் ஸ்பிண்டிலுக்கு ஏன் ஆபத்து என்பதற்கு எடையைவிட இந்த ஆரம்தான் பெரிய காரணம். ரிம்முக்குப் பின்னால் 3 சென்டிமீட்டர் ஸ்பேசர், அதாவது சக்கரத்தை வெளியே தள்ளும் வளையம், வைத்தால், எடையால் வரும் 50 என்பது 65 ஆகிறது. ஸ்பேசர் அழகுக்காக என்றால் கழற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

[திரையில்: ஸ்பிண்டிலின் குறுக்குவெட்டு]

அடுத்து அளவு. குழாயின் வளைவுத் தாங்குதிறன் வெளிவிட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். துளையின் பங்கையும் அதே விகிதத்தில் வைத்து, 50 மில்லிமீட்டரை 55 ஆக்கினால் வலு 33 சதவீதம் கூடும். துளையின் கணக்கு வேறு. வெளிவிட்டத்தில் பாதி அளவுக்குத் துளை இருந்தாலும் போவது 6 சதவீதம்தான். அந்தத் துளையை 70 சதவீதமாக அகட்டினால் 24 சதவீதம் போய்விடும், 80 ஆனால் 41. தடித்த ஷாஃப்ட்டை நுழைக்க ஸ்பிண்டிலைக் குடைகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஷாஃப்ட்டுக்கு வலு கூடும், அதைச் சுற்றியிருக்கும் சுவர் மெலிந்துவிடும். வெளிவிட்டத்தைக் கூட்டலாமே என்றால், பேரிங், ஹப் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். செலவு அங்கேதான் எகிறும்.

குரோமோலி, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு, போட்டால்? சூடாக்கிக் குளிர்வித்துச் சரியாகப் பதப்படுத்திய 4340 ரக குரோமோலி எஃகு, சாதாரண கார்பன் எஃகைவிட இருமடங்குக்கும் மேல் தாங்கிய பிறகே நிரந்தரமாக வளையும். ஆனால் விறைப்பு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். விசை இருக்கும்போது இரண்டும் ஒரே அளவுக்கு நெளியும். பதப்படுத்தாத குரோமோலிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

[காட்சி: உள் பேரிங் உட்காரும் இடம், மிக அருகில்]

இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். விட்டம் சட்டென்று மாறும் இந்த மூலையில்தான் விரிசல் தொடங்கும். ஒரே அடியில் முறிவதைவிட, சிறு விரிசல் பல ஆயிரம் கிலோமீட்டரில் வளர்ந்து முறிவது சகஜம். சிஓஇ (சிங்கப்பூரில் வாகனம் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் பழைய வண்டி என்றால் இந்த மூலைக்கும் அத்தனை வயது. சுத்தம் செய்து சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளைப் பூச்சு பூசுங்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும்.

பேரிங் உட்காரும் பரப்பில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினாலோ, உலோகம் நீலம் பாய்ந்திருந்தாலோ, பேரிங்கின் உள்வளையம் அங்கே சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஸ்பிண்டில் இனி வேண்டாம்.

இது ஏன் நடக்கிறது? சூடான ஹப்போடு ஓடைக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, கசிவைத் தடுக்கும் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். கிரீஸ் பால் மாதிரி வெளுத்துவிடும், பேரிங் கெட்டு ஸ்பிண்டிலைத் தின்னும். மழைக்காலப் பயணம் முடிந்ததும் திறந்து பாருங்கள். டிஃபெண்டரின் ஹப் நட்டுக்கு 52 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். உளியால் தட்டிக் கழற்றாதீர்கள்.

திறக்காமலே ஒரு சோதனை உண்டு. வண்டியை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் முன்பக்கம் சக்கரம் திரும்பும் மூட்டான கிங்பின்னையோ பால் ஜாயின்ட்டையோ பாருங்கள்.

ஆகவே என் வரிசை: முதலில் நல்ல பேரிங், புது சீல். அப்புறம் ஸ்பேசர் இல்லாத சரியான ரிம். அதற்கும் மேலே கடுமையாக ஓட்டுகிறவர்களுக்குத்தான் பதப்படுத்திய ஸ்பிண்டில் அல்லது ஃபுல் ஃப்ளோட்டிங் கிட். சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற வேண்டியவை, கூடாதவை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. கிட்டை ஆர்டர் செய்யும் முன்பே அது எதில் வரும் என்று கேட்டுவிடுங்கள். விற்பவரிடம் எஃகின் ரகம், பதப்படுத்திய விவரம், உள்துளை அளவு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.