கம்பிக்குள் மூன்று மொழிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை. இளைஞன் ஒருவன் கையை விரித்து நிற்கிறான். காவலர் உடம்பைத் தடவிப் பார்க்கிறார். அவர் கேட்காமலே அவன் வாயைத் திறந்து நாக்கை நீட்டுகிறான். சிறையில் ஒவ்வொரு சோதனைக்கும் அப்படி நின்று உடம்பே பழகிவிட்டது. ஒரு நாள் விடுப்பில் வந்தவன் சிறையையும் கூடவே கொண்டு வந்திருக்கிறான். சிறையைப் பற்றி எத்தனையோ படங்கள் பார்த்திருக்கிறேன். இந்தச் சில விநாடிகள் போல் எதுவும் என்னை உலுக்கியதில்லை.

ழாக் ஓதியார் இயக்கி 2009-இல் வெளியான 'ஆன் ப்ரொஃபெத்' என்ற பிரெஞ்சுப் படம் அது. 'ஒரு தீர்க்கதரிசி' என்று பொருள். அந்த இளைஞன்தான் மாலிக். சிறைக்கு வரும்போது வயது 19, தண்டனை ஆறு ஆண்டு. எழுதப் படிக்கத் தெரியாது. வெளியே அவனுக்கென்று யாரும் இல்லை. சிறைக்குள், பிரான்ஸைச் சேர்ந்த கோர்சிகத் தீவுக்காரர்களின் ராஜ்ஜியம். அவர்களின் தலைவன் லூச்சியானி, ரெயெப் என்ற கைதியைக் கொல்லச் சொல்கிறான். மறுத்தால் மாலிக்கின் உயிர் போய்விடும். சவர பிளேடை வாய்க்குள் ஒளித்து வைத்துப் பழகுகிறான் பையன். வாயெல்லாம் ரத்தம்.

கொல்லப் போன அறையில் ரெயெப் அன்பாகப் பேசுகிறான். உள்ளே வந்தவன் கொஞ்சமாவது அறிவு கூடித்தான் வெளியே போகவேண்டும், படிக்கக் கற்றுக்கொள் என்கிறான். சற்று நேரத்தில் அவன் உயிர் போகிறது. தான் கொன்றவனின் அறிவுரையைத்தான் மாலிக் கடைசிவரை பின்பற்றுகிறான். செத்தவனும் அவனை விட்டுப் போவதில்லை, அறையிலேயே கூட இருக்கிறான்.

சிறை வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். கோர்சிகர்களுக்கு எடுபிடியாக இருந்துகொண்டே அவர்கள் மொழியையும் பிடித்துக்கொள்கிறான். இவனுக்கு என்ன புரியப்போகிறது என்று அவன் காதுபடவே எல்லாம் பேசுகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு இவன் அரபிப் பையன், அரபிகள் கண்ணுக்கோ கோர்சிகர்களின் ஆள். இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளாதவன் இரண்டு மொழியையும் கேட்கிறான். பிரெஞ்சோடு மூன்று.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். ஆங்கில சப்டைட்டிலோடு பார்க்கும் நமக்கு மூன்று மொழியும் ஒரே வரியாகத் திரையின் அடியில் ஓடிவிடுகின்றன. பாரிஸில் பார்ப்பவருக்குப் பிரெஞ்சு தானாகப் புரியும். பேச்சு கோர்சிகத்துக்கு மாறியதும்தான் எழுத்து தேவைப்படும். அந்த நொடியில் அவரும் மாலிக்கைப் போல வெளியாள். நம்மில் பலருக்கு அந்த அனுபவம் கிடைப்பதில்லை. ஆஸ்கரில் 'வெளிநாட்டு மொழிப் படம்' என்று அன்று பெயர் வைத்திருந்த பிரிவிலும் இந்தச் சிக்கல் உண்டு. பிரான்ஸின் சார்பில் போன படத்துக்குள் மூன்று மொழிகள். எது வெளிநாட்டு மொழி, யாருக்கு?

விருதுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கான் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கப் பனை மிக்கேல் ஹானெக்கேயின் 'தி வைட் ரிப்பன்' படத்துக்கு, இதற்கு இரண்டாமிடமான கிராண்ட் பிரி. கோல்டன் குளோபும் ஹானெக்கேவுக்கே. பிரிட்டனின் பாஃப்டாவில் இது வென்றது. பிரான்ஸின் செசார் விருதுகள் ஒன்பது கிடைத்தன. மாலிக்காக நடித்த தஹார் ரஹீம் ஒரே இரவில் சிறந்த நடிகர், சிறந்த இளம் நடிகர் இரண்டையும் வாங்கினார். 2010 மார்ச்சில் ஆஸ்கர் மேடையில் இந்த இரண்டு படங்களையும் தாண்டி அர்ஜென்டினாவின் 'தி சீக்ரெட் இன் தெயர் ஐஸ்' வென்றது. நல்ல படம்தான். ஆனால் இத்தனை ஆண்டு கழித்தும் என் மனத்தில் முதலிடம் மாலிக்கின் கதைக்குத்தான்.

சிறையையே பாரிஸ் புறநகரில் செட் போட்டுக் கட்டினார்கள். சிறையில் இருந்து வந்தவர்களையும் துணை நடிகர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். முற்றத்தில் கைதிகள் நிற்கும் விதத்திலேயே அது தெரியும்.

ஓதியார் நமக்குப் புதியவர் அல்ல. ஈழத் தமிழ் எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்த அவருடைய 'தீபன்' 2015-இல் தங்கப் பனை வென்றது. அதில் பாதிக்குமேல் தமிழ். அரங்கில் பிரெஞ்சுக்காரர்கள் எழுத்தைப் படிக்க, நம் ஆட்கள் நேரடியாகக் கேட்டார்கள். நாட்டுக்கு ஒரு படம்தான் அனுப்பலாம் என்பதால் பிரான்ஸ் அந்த முறை ஆஸ்கருக்கு வேறு படத்தை அனுப்பியது. அந்தப் பிரிவின் பெயரிலிருந்த 'வெளிநாட்டு' என்ற சொல்லை, ஆஸ்கர் வழங்கும் அகாதெமி 2019-இல்தான் எடுத்தது.

படத்தைப் பார்க்கும்போது சில இடங்களிலாவது எழுத்தை விட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். லூச்சியானியின் ஆட்கள் தங்கள் மொழிக்குத் தாவும்போது மாலிக்கின் முகத்தைக் கவனியுங்கள். கடைசியில் சிறை முற்றத்தின் ஒரு பக்கம் லூச்சியானி தனியாக உட்கார்ந்திருக்கிறான். எதிர்ப்பக்கம் மாலிக், முஸ்லிம் கைதிகளோடு. கிழவன் சைகை காட்டி அழைக்கிறான். முன்பெல்லாம் ஒரு கண்ணசைவுக்கு ஓடிவந்த பையன், இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கிழவன் எழுந்து, முற்றத்தைக் கடந்து நடக்கத் தொடங்குகிறான்.

வணக்கம்.